நேராகப் போகாத டிரைவர்

போன வாரம் நம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. ஜொகூர் பாருவில் நாம் குடியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்வாசல். ஓரத்தில் நீல நிறப் பள்ளி வேன். கதவில் சாய்ந்தபடி நம் வேன் அங்கிள். படத்தின் கீழே உங்களில் ஒருவர், “அலமாக், நம்ம தண்ணி வண்டி!” என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவற்றை எண்ண மனம் வரவில்லை.

அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார், அதனால்தான் வேன் நின்றது என்று நம்பியே நீங்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். அது உண்மை இல்லை. அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் பின்வேலியில் பிறந்தது. அதை ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கக்கூடியவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. ஆகவே நான் கண்டதைக் கண்டதாகவும், பிறகு அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

அப்பா அந்த வருடம்தான் அலுவலகக் கோல்ஃப் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தார். அதில் இடம் கிடைத்த முதல் நம்மவர் அவர். பெரிய அதிகாரி தன் பழைய கோல்ஃப் கட்டைகளை ஒரு பையோடு அவருக்குக் கொடுத்திருந்தார். கோல்ஃப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பையில் இருப்பவற்றில் மிக நீளமான கட்டைக்கு டிரைவர் என்று பெயர். தூரமாக அடிக்க வேண்டிய முதல் அடி பெரும்பாலும் அதில்தான். இப்போது அதன் தலை உலோகத்தில் வருகிறது. அப்பாவுடையதற்கு மரத் தலை. புளியங்கொட்டை நிறத்தில் மெருகு பூசியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புது மேசையின் வாசனை வரும். அதற்கு அம்மா சிவப்புக் கம்பளி நூலில் ஒரு தொப்பி பின்னியிருந்தாள். உச்சியில் ஒரு குஞ்சம். அப்பா அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் சின்னக் குழந்தைக்குக் குல்லா போடுவதைப் போல இருக்கும்.

அலுவலகக் குடும்ப தினத்தில் அது நடந்தது. நாங்களும் போயிருந்தோம். மற்ற கட்டைகளில் அப்பா நன்றாகவே அடிப்பார். ஆனால் அன்று முதல் அடி, எல்லோரும் அரைவட்டமாக நின்று பார்க்கிறார்கள், கையில் டிரைவர். பந்து கிளம்பியது நேராகத்தான். பிறகு வலப்பக்கம் வளைந்து, இன்னும் வளைந்து, கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. தகரம் நசுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பெரிய அதிகாரியின் கார். அவர் கோபப்படவில்லை. அடுத்த தடவை காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதாக ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா. அந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு அந்தக் கட்டை வசப்படவில்லை. பந்தின் முன்னால் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். கையுறைக்குள் வியர்த்துவிடும். விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்குப் பிடியை இறுக்குவார். பிறகு திடீரென்று, யாரோ துரத்துவதைப் போல வீசிவிடுவார். பந்து வலப்பக்கம் ஓடும். அலுவலகப் போட்டி அடுத்த பள்ளி விடுமுறைக்குள் வரப்போகிறது, முதல் அடியை அப்பாதான் அடிக்க வேண்டும் என்று பெரிய அதிகாரி அறிவித்துவிட்டார். அது அன்போ கேலியோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா கேலி என்றே எடுத்துக்கொண்டார். “கோல்ஃப்ங்கிற வார்த்தையே இந்த வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவருடைய அலுவலகத்துக்காரர்கள் நம் குவார்ட்டர்ஸிலேயே நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள்.

இங்கேதான் வேன் அங்கிள் கதைக்குள் வருகிறார். அவருடைய மச்சானுக்குப் பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டம் இருந்தது. பழைய செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு ஒரு பகுதியைச் சும்மா போட்டிருந்தார்கள். அங்கே அடித்துப் பழகினால் யார் பார்க்கப்போகிறார்கள்? அப்பாவின் காரில் கோல்ஃப் பையை ஏற்றினால் நாலு பேர் கேட்பார்கள். வேனில் பின்சீட்டுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடினால் கேட்க மாட்டார்கள். அன்னாசிப்பழம் வாங்கப் போவதாகப் பேச்சு. உண்மையில் பழமும் வாங்கினோம். அந்தப் பருவம் முழுவதும் எங்கள் வீட்டில் அன்னாசிப் பச்சடிதான்.

அந்த வேனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின். அங்கே உட்கார்ந்தால் தொடை சுடும், ஆனாலும் அந்த இடத்துக்குத்தான் சண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடம் எனக்கு மட்டும். தோட்டத்து மண் கறுப்பு. நடந்தால் பஞ்சைப் போல அமுங்கும். எரித்த செடிகளின் புகை வாசனையும் பழுத்த அன்னாசியின் இனிப்பும் சேர்ந்து தொண்டையில் ஒட்டும். வழி தவறிய பந்துகள் பக்கத்து வரிசைச் செடிகளுக்குள் போய் விழும். அவற்றைப் பொறுக்குவது என் வேலை. இலைகளின் ஓரம் ரம்பம். என் முன்கைகளில் கீறல் ஆறும் முன்பே அடுத்த கீறல் விழும்.

வேன் அங்கிள் வண்டிப் படியில் உட்கார்ந்து பார்ப்பார். சிகரெட்டை விட்ட புதிது. ஓயாமல் புதினா மிட்டாய் சப்புவார். வாயும் ஓயாது.

“சார், பந்த எது மேல வெக்கிறீங்க?”

“இந்தக் குச்சி. இதுக்குப் பேரு டீ.”

“டீங்கிறீங்க, குடிக்க ஒண்ணும் காணோமே லா.”

அப்பா சிரிக்க மாட்டார். மறுபடி நிற்பார். வீசுவார். பந்து வலப்பக்கம்.

“சார், நான் ஒண்ணு சொல்லவா? எப்படியும் ரைட்டுல போவுது. நீங்க லெப்ட்ல பாத்து அடிச்சீங்கன்னா நடுவுல வந்து விழுமில்ல?”

அப்பா இடப்பக்கம் பார்த்து அடித்தார். பந்து இடப்பக்கமே போய்க் கால்வாயில் விழுந்தது.

“அலமாக்! இது உங்கள மாதிரியே சார். சொன்ன பேச்ச தப்பான நேரத்துல கேக்குது.” பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, “பாப்பா, உங்கப்பா அந்தக் கட்டையப் பாக்கிற பார்வையப் பாத்தியா? மாமியார் வந்து இறங்கின மாதிரி” என்றார். அன்று அப்பாவே சிரித்துவிட்டார்.

அப்பா மெல்ல மெல்லத்தான் மீண்டு வந்தார். ஒரு ஞாயிறு கையுறையை வீட்டில் மறந்துவிட்டார். வெறுங்கையில் இறுக்கிப் பிடித்தால் வலித்தது. ஆகவே தளர்த்திப் பிடித்து, இடுப்பளவே கட்டையைத் தூக்கி, சும்மா தட்டினார். பந்து கொஞ்ச தூரம்தான் போனது. ஆனால் நேராகப் போனது. அப்பா கட்டையை இறக்காமல் அப்படியே நின்று, அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் முழுதாக வீசவே இல்லை. அடுத்த வாரமும் இடுப்பளவு. அதற்கடுத்த வாரம் தோளளவு. ஒரு பந்து வளைந்தால் மறுபடி இடுப்பளவுக்கு இறங்கிவிடுவார். எனக்கு அலுத்துப்போகும். இன்று நினைத்தால், எனக்குத் தெரிந்த பொறுமைகளில் அதுதான் பெரியது என்று படுகிறது. அந்தப் பொறுமையில் கொஞ்சம் வேறு இடத்திலும் செலவாகியிருக்கலாம்.

இப்போது வேலிக்கு வருகிறேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்புக் கூடை என் கையில். அப்பாவுக்கு இன்னும் பந்து நேராக வராத சமயம் அது. அடுத்த வீட்டு ஆன்ட்டி வேலியோரம் வந்தார்.

“ஏன்க்கா, சார் மூஞ்சியே சரியில்ல?”

கோல்ஃப் என்ற சொல்லை அம்மா சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“டிரைவர் மேல நம்பிக்கையே போச்சுங்கறாரு. நேரா போக மாட்டேங்குதாம். எப்பப் பாத்தாலும் ரைட்டுல இழுத்துக்கிட்டு போவுதாம். கையெல்லாம் நடுங்குதாம். போன வாரம் காட்டுக்குள்ளயே போயிருச்சாம்.”

“ஐயையோ! யாருக்கும் அடி படலையே?”

“அதெல்லாம் இல்ல. முன்ன ஒரு தடவதான் ஒரு காரு நசுங்கிருச்சு.”

“சாருக்கு எப்படித் தெரியும்?”

“அவருதான் கூடவே இருந்தாரே. வெளிய சொல்லிறாதீங்க. அவரு கேட்டா ரொம்ப வெட்கப்படுவாரு.”

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அம்மா போய்விட்டாள். அந்த ஆன்ட்டியின் இரண்டு மகன்களும் நம் வேனில்தான் பள்ளிக்கு வந்தார்கள். அவர் அறிந்த டிரைவர் ஒரே ஒருவர். அம்மா ‘போவுது’ என்றாள், ‘போறாரு’ என்று சொல்லவில்லை. மனிதரைப் பற்றி அம்மா ஒருநாளும் அப்படிப் பேச மாட்டாள். ஆனால் ‘போவுது’ வேனுக்கும் பொருந்திவிட்டது. டிரைவருக்குக் கை நடுங்குகிறது, வேன் காட்டுக்குள் போகிறது. நான் அங்கேயே நின்றேன். எனக்கு டிரைவர் என்றால் புளியங்கொட்டை நிறத்துக் கட்டை. அதில் தப்பாக நினைக்க ஒன்றுமே இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததெல்லாம் நீங்களும் பார்த்ததுதான். முதலில் ஆன்ட்டியின் மகன்கள் வரவில்லை. பிறகு மூலை வீட்டு அக்கா, தங்கை. ஒருநாள் காலையில் உங்களில் ஒருவர் வேன் அங்கிளின் தோளுக்குப் பின்னால் எக்கி மூச்சை இழுத்தது நினைவிருக்கிறதா? “என்னடா மோப்பம் புடிக்கிற?” என்று அவர் கேட்டார். “ஒண்ணுமில்ல அங்கிள், எங்கம்மா பாக்கச் சொன்னாங்க.” புதினா வாசனைதான் வந்தது. வாசனையை மறைக்கத்தான் புதினா என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது. இன்ஜின் சீட்டுக்குச் சண்டை நின்றுபோனது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற நிலை.

ஒரு ஞாயிறு, அப்பா முழு வீச்சில் அடித்து, பந்து தோட்டத்தின் நடுவே நேராகப் பறந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ‘டொக்’ என்று ஒரே சத்தம், உள்ளே காற்றே இல்லாததைப் போல. வேன் அங்கிள் படியிலிருந்து குதித்து ஆடினார். திரும்பி வரும் வழியில் அவர் வேனின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்:

“சார், பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வேன்லேர்ந்து நின்னுக்கிட்டே வர்றாங்க. யாரோ என்னைய குடிகாரன்னு கெளப்பி விட்டிருக்காங்க. நம்ம வீட்டு அக்கா வேலியில பேசினதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுச்சாம். அது இந்தக் கட்டையப் பத்தின பேச்சுதான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்.”

அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டி முடியட்டும். நானே சொல்றேன்.”

“அதுவரைக்கும்?”

“கொஞ்ச நாள்தானே.”

வேன் அங்கிள் தலையை ஆட்டினார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அன்று எனக்குத் தன் கையால் ஒரு அன்னாசியைச் செதுக்கி, குச்சியில் செருகிக் கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே அப்பா என்னையும் வேனிலிருந்து நிறுத்தினார். அம்மா கேட்டாளாம்: “எல்லாம் தெரிஞ்ச நாமளே நிறுத்தினா, ஊரு என்ன நினைக்கும்?” அப்பா சொன்னாராம்: “நம்ம பிள்ள மட்டும் போனா, ஏன் போவுதுன்னு கேப்பாங்க. அப்புறம் பெக்கான் நானாஸ் வரைக்கும் வரும்.” இது அம்மா பின்னாளில் சொன்னது. மறுநாளிலிருந்து அப்பாவே காரில் கொண்டுபோய் விட்டார். ஊர் என்ன நினைத்தது என்று உங்களுக்கே தெரியும். சார் வீட்டுப் பிள்ளையே நின்றுவிட்டது. மிச்சமிருந்தவர்களும் நின்றார்கள்.

பூப்பந்து மைதானத்தில் நடந்த குவார்ட்டர்ஸ் மாதக் கூட்டத்துக்கு வேன் அங்கிள் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். நாமெல்லாம் ஓரத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்தோம். அவர் நடுவில் போய் நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கங்க. அக்கா சொன்னது என்னைய இல்ல. அது ஒரு கட்டை. சார் கோல்ஃப் அடிக்கிற கட்டைக்குப் பேரு டிரைவர். அதுதான் நேரா போகல. நான் நேராத்தான் போறேன்.”

சிரிப்பு வெடித்தது.

“கட்டைக்குப் பேரு டிரைவராம்! அப்போ கண்டக்டர் யாரு லா, பந்தா?”

“கட்டை சம்சு குடிச்சிருக்கும்ப்பா, அதான் கை நடுங்குது!”

அடுத்த வீட்டு அங்கிள் திரும்பி, “சார், நீங்களே சொல்லுங்க” என்றார். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய அலுவலகத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். போட்டிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. டிரைவர் நேராகப் போகவில்லை என்று ஒப்புக்கொண்டால், அது மறுநாள் காலையில் பெரிய அதிகாரியின் மேசைக்குப் போய்விடும்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “கோல்ஃப்ல அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொன்னது அம்மாதான். அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

வேன் அங்கிள் அப்பாவைப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. விலாசம் மாறி வந்துவிட்ட ஆளைப் போலத்தான் நின்றார். “சரிங்க சார்” என்றார். பிறகு கையில் இருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு சிவப்புப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார். “பாப்பா, இத வேன்லயே விட்டுட்டீங்க.”

என் தண்ணீர்ப் போத்தல். யாரோ பின்னாலிருந்து, “பாத்தியா, போத்தலும் கையுமாத்தான் வந்திருக்காரு!” என்றார்கள். மறுபடி சிரிப்பு. நான் போத்தலை வாங்கிக்கொண்டேன். அதைக் கழுவி வைத்திருந்தார். மூடியின் இடுக்கில் எப்போதும் இருக்கும் கறுப்பு அழுக்குகூட இல்லை.

போட்டி நாளன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. அப்பா சிவப்புத் தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பந்தின் முன்னால் நின்றார், அதிக நேரம் இல்லை. முட்டிகள் வெளுக்கவில்லை. தூக்கினார், வீசினார். ‘டொக்.’ பந்து ஈரப் புல்லுக்கு மேலே, கோடு போட்டதைப் போல நேராகப் போனது. கடைசிவரை வளையவில்லை. கூட்டம் கைதட்டியது. பெரிய அதிகாரி தோளில் தட்டினார். நான் கத்தினேன், குதித்தேன். அம்மா தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மிகத் தூரமான அடிக்குப் பரிசாக ஒரு பெரிய தேநீர் ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டில் பல வருடம் இருந்தது. அம்மா அதில் ஒரு நாளும் தேநீர் ஊற்றியதில்லை.

போட்டி முடிந்ததும் சொல்வதாகச் சொன்னாரே, அதை அப்பா சொல்லவில்லை. முதல் வாரம் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களிடம் இதை எப்படித் தொடங்குவது? அடுத்த வாரம் வேன் அங்கிள் வேனை விற்றுவிட்டு மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்கு லாரி ஓட்டப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. ஆளே போய்விட்ட பிறகு யாரிடம் சொல்லி என்ன என்று அப்பா கேட்டாராம். அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் அதைச் சொன்னது அப்பா இறந்து காரியம் முடிந்த பிறகு, என்னிடம்: “ஆளு போனா என்ன, ஊரு இங்கதானே இருந்துச்சு?”

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, ஒரு விடுமுறையில் அப்பா என்னை மட்டும் மூவாருக்குக் கூட்டிப்போனார். ஏன் என்று சொல்லவில்லை. ஒரு தொழிற்சாலை வாசலுக்கு எதிரே காரை நிறுத்தினார். மரத்தூள் வாசனை, மெருகு எண்ணெய் வாசனை. அந்த டிரைவரின் தலையில் வந்த அதே வாசனை. லாரியில் நாற்காலிகளைக் கவிழ்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றியவர்களில் வேன் அங்கிள் இருந்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. முதுகுகள்தான் தெரிந்தன. அப்பா இன்ஜினை அணைக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவருடைய முட்டிகள் வெளுத்திருந்தன.

பிறகு ஆற்றோரக் கடையில் எனக்கு மீ பண்டூங் வாங்கிக் கொடுத்தார். தான் சாப்பிடவில்லை. “நேரமாயிருச்சு, போலாம்” என்றார்.

அந்தச் சிவப்புத் தொப்பி வீடு மாறும்போது எங்கோ தொலைந்தது. கட்டையை அம்மா பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். அப்பா இருந்தவரை நான் இதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பார் என்ற பயம்தான்.

போன வாரம் அந்தப் படத்தின் கீழே நான் எழுதினேன்: “அவர் குடிக்கவில்லை. எங்கம்மா சொன்னது கோல்ஃப் கட்டையை.” அடுத்த வீட்டு ஆன்ட்டியின் மூத்த மகன் உடனே பதில் போட்டார்: “அப்போ உங்கப்பா உன்னையும் ஏன் வேன்லேர்ந்து நிறுத்தினாரு?” அதற்குக் கீழே சிரிக்கும் முகம் எதுவும் வரவில்லை. நான் பதிலைத் தட்டச்சு செய்தேன், அழித்தேன். மறுபடி தட்டச்சு செய்தேன். குழுவில் ஒரு வரியில் சொல்லி முடிக்க வரவில்லை. ஆகவே இவ்வளவு எழுதினேன்.

அப்பாவின் பந்து அன்று நேராகப் போனது. நம் வேன் அங்கிள் எல்லா நாளும் நேராகவே போனார். ‘போனார்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். சரிபார்த்துவிட்டேன்.